பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம்?

ஹட்டன் வாசகர் ஒருவரின் கேள்வி, 6 செப்டெம்பர் 2025

பிள்ளை பராமரிப்பு, கிளினிக், படிவம் நிரப்பிக் கொடுப்பது, பெற்றோருக்கு வகுப்பு, இதெல்லாம் பாடசாலைக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. இங்கிலாந்தில் செய்தார்களாம். நம் தோட்டப் பாடசாலையில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்து வைத்துப் படிப்பிக்கிறார். முதலில் கணிதத்துக்கு ஆள் போடுங்கள். மற்றதுக்கு ஜி.எஸ். (கிராம சேவகர்) இருக்கிறார், தோட்டத்து டிஸ்பென்சரி இருக்கிறது, தொழிற்சங்கத் தலைவர் இருக்கிறார். நான் சொல்வது தவறா?

7 செப்டெம்பர்

கணிதத்துக்கு ஆள் வேண்டும், அதில் சண்டையே இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன். ஆள் இல்லாத வருடங்களில் கணிதமும் எடுத்தேன். அந்த வருடங்களில் சித்தியடைந்த பிள்ளைகள் சொந்தத் திறமையில் சித்தியடைந்தவர்கள்.

ஆனால் 'மற்றதுக்கு ஜி.எஸ். இருக்கிறார்' என்று படித்ததும் சிரித்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணி, கேட் இன்னும் திறக்கவில்லை. மலைக்குப் போகிற வழியில் ஒரு அக்கா நிற்கிறார், இடுப்பில் படங்கு, தோளில் கூடை. மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் நாலாக மடித்த கடிதம், முழுக்கச் சிங்களத்தில். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணத்துக்கான முறையீட்டுக்கு வந்த பதில், இன்ன தேதி விசாரணைக்கு வரவும் என்று. அந்தத் தேதி போய் ஐந்து நாளாகிவிட்டது. கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கிடந்திருக்கிறது. லயக் காம்பராவுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு, என்று தனி விலாசம் இல்லாத ஊரில் தபால் அப்படித்தான் வரும். 'சேர், என்னமோ நல்லதா கெட்டதானு மட்டும் சொல்லுங்க, பெரட்டுக்கு நேரமாச்சு' என்றார். பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, பிந்தினால் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழும்.

பத்தரை மணி இடைவேளையில் ஒரு பெரியவர் வந்தார், ஈபிஎஃப் (சேமலாப நிதி) படிவத்தோடு. அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தால் ராமாயி ரமய்யாவாகி ஆணாகவும் ஆகிவிடுவார். மத்தியானம் இரண்டு பிள்ளைகளுக்கு அடையாள அட்டை விண்ணப்பம். பதினைந்து வயதானால் அது அதிபர் வழியாகத்தான் போக வேண்டும், ஆகவே அது மட்டும் நமது வேலை என்று ஒப்புக்கொள்ளலாம்.

பாடசாலை இதையெல்லாம் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். செய்துகொண்டுதான் இருக்கிறது. எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

7 செப்டெம்பர், இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். அன்றைக்கே வீட்டுக்குக் கிளம்பும்போது ஒருவர் ஓடிவந்து, மாட்டுக்குச் சினை ஊசி போட யாருக்குப் போன் பண்ணுவது என்று கேட்டார். நம்பர் என்னிடம் இருந்தது. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

10 செப்டெம்பர்

இங்கிலாந்து விஷயம் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை எழுதுகிறேன்.

இது புது யோசனை இல்லை. கேம்பிரிட்ஜ்ஷயரில் கல்விச் செயலாளராக இருந்த ஹென்றி மொறிஸ் என்பவர் 1930இல் சோஸ்டனில் முதல் கிராமக் கல்லூரியைத் திறந்தார். பகலில் பிள்ளைகள், மாலையில் அதே கட்டடத்தில் ஊரார். நூலகம், மண்டபம் எல்லாம் இருவருக்கும் பொது. இரண்டு சுவருக்கு ஏன் இரண்டு தடவை காசு செலவழிக்க வேண்டும் என்பது போன்ற ஒரு கணக்கு அது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரத்தில் 1935இல் மொட் என்ற கார்க்காரப் பணக்காரரின் காசில் பள்ளிகளை மாலையில் திறந்துவைத்தார்கள். பிற்பாடு 2005இல் இங்கிலாந்து அரசு, 2010க்குள் எல்லாப் பாடசாலைகளும் ஐந்து விஷயம் கொடுக்க வேண்டும் என்றது: காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை பிள்ளைக் காவல், பாடத்துக்கு வெளியே நடவடிக்கைகள், பெற்றோருக்கு உதவி, சிக்கல் உள்ள பிள்ளையை உரிய இடத்துக்கு உடனே அனுப்புவது, கட்டடத்தை ஊருக்குத் திறந்துவிடுவது. பாடசாலையே செய்ய வேண்டும் என்றில்லை, பக்கத்தில் உள்ளவர்களோடு சேர்ந்து செய்யலாம் என்றும் சொன்னார்கள். இந்த இடம் முக்கியம், பிறகு வருகிறேன். 2010இல் ஆட்சி மாறியது. இதற்கென்று ஒதுக்கிய காசை வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று இருந்த வேலியையும் அடுத்த வருடம் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு முடிந்த பாடசாலை செய்தது, முடியாதது விட்டுவிட்டது.

நம் மலைக்கும் இது தூரம் இல்லை. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தெஸ்ஸயில் 1930களில், கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், ஒரு கிராமியக் கல்வித் திட்டம் நடந்தது. பாடத்தை வயலோடும் சுகாதாரத்தோடும் சுற்றியிருக்கிற வாழ்க்கையோடும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது. சோஸ்டனும் ஹந்தெஸ்ஸயும் ஏறக்குறைய ஒரே காலம். ஆனால் 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டத்துப் பிள்ளைகளின் வாசலுக்கு வந்து சேர இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் எடுக்கத் தொடங்கும்வரை ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், அஞ்சாம் வகுப்போடு முற்றுப்புள்ளி.

13 செப்டெம்பர்

'அந்தக் காலத்து வாத்தியார்கள் படிப்பை மட்டும் பார்த்தார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்தத் தோட்டத்தில், ஐயா?

எங்கள் அப்பாயி சொல்வார். 1964இல் தோட்டத்து மக்களை இரண்டு நாடும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின் இந்தியாவா இலங்கையா என்று விண்ணப்பம் எழுத வேண்டிய காலத்தில், ராத்திரி வாத்தியார் வீட்டு இஸ்தோப்பில் (திண்ணையில்) வரிசை நிற்குமாம். கையில் மண்ணெண்ணெய் விளக்கு. விண்ணப்பத்துக்குக் கூலியாக ஒரு கட்டு கீரை, நாலு முட்டை, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கும்பிடு. எங்கள் தாத்தாவுக்கு அவர் நிரப்பிய படிவத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுதியிருந்தார். தாத்தாவின் தம்பிக்கு வேறு ஒருவர் நிரப்பியதில் திருச்சி ஜில்லா என்று இருந்தது. தம்பி தாத்தா கப்பலேறினார். இரண்டு பேரும் பிறந்தது ஒரே லயம்.

இரண்டு கையெழுத்து, இரண்டு நாடு. அதனால்தான் படிவம் நிரப்புவதை யாராவது சின்ன வேலை என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

20 செப்டெம்பர்

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பெரிதாகத் தெரிவது கடிதமும் படிவமும் இல்லை. மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலரை வரையான அந்த மூன்று மணி நேரம்.

தோட்டத்தில் பிள்ளை மடுவம் இருக்கிறது, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தையை விட்டுப்போகிற இடம். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், ஆயாவுக்குப் பதில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இருக்கிறார், பல இடங்களில் நன்றாகவே நடக்கிறது. ஆனால் அது ஐந்து வயது வரைக்கும். ஆறாவது வயதில் பிள்ளை பாடசாலைக்கு வந்துவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ள ஆளே வேண்டாம் என்று உலகம் முடிவு பண்ணிவிடுகிறது. ஒன்றரைக்கு மணி அடிக்கிறோம். தாய் கொழுந்தை எடை போட்டு, கொழுந்து மடுவத்தில் கணக்குச் சரிபார்த்து, இறங்கி வர நாலரை, ஐந்து. ஆறு வயதுப் பிள்ளை பூட்டிய காம்பராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் பத்து வயது அக்கா வீட்டைத் திறந்து, அடுப்பு மூட்டி, தம்பிக்கு ரொட்டி சுடுகிறாள். ஏழாம் வகுப்பில் அந்தப் பெண்பிள்ளை ஏன் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று நாம் பிரம்பு தேடுகிறோம்.

2019இல் நான் ஒரு வேலை செய்தேன். தரம் மூன்று வகுப்பறையை நாலரை வரைக்கும் திறந்துவைத்தேன். பாடம் கிடையாது. பாய் இரண்டு, பழைய கதைப் புத்தகங்கள் ஒரு பெட்டி, கரம் போர்ட் ஒன்று (காய் ஆறு குறைவு, சோடா மூடி வைத்துச் சமாளித்தோம்). முதல் நாள் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். ஒரு கிழமையில் முப்பது. ஒரு பொடியன் தினமும் வந்து மூலையில் படுத்துத் தூங்குவான், வேறொன்றும் செய்ய மாட்டான். ராத்திரி அப்பன் குடித்துவிட்டுச் சத்தம் போடுவதால் தூக்கம் இல்லை என்று ஒரு மாதம் கழித்து அவன் அக்கா சொன்னாள். அவன் பகலில் தூங்கத்தான் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது.

பதினோரு கிழமை ஓடியது. பிறகு நின்றது. ஏன் என்றால்: ஒன்று, ஹட்டனிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் வருகிற ஆசிரியர்களுக்கு இரண்டே காலுக்குக் கடைசி நல்ல பஸ். அதை விட்டால் ஆறு மணி. ஆகவே நான் ஒருவன்தான். இரண்டு, கரண்ட் பில் கூடியது என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேள்வி. மூன்று, 'சேர் டியுசன் பிசினஸ் தொடங்கப் போகிறார்' என்று ஒரு பேச்சு. நாலாவது, ஒரு பிள்ளை முற்றத்தில் விழுந்து காலில் தகரம் கிழித்து மூன்று தையல். பாடசாலை நேரத்துக்குப் பிறகு யார் பொறுப்பு, யாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்கள் என்று மேலே இருந்து கேட்டார்கள். நான் வாங்கவில்லை. சாவியை அதிபரிடம் கொடுத்துவிட்டு ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

21 செப்டெம்பர்

பழைய டயரியை எடுத்துப் பார்த்தேன். பதினோரு கிழமை இல்லை, எட்டு. ஞாபகம் தன் பங்குக்கு மூன்று கிழமை சேவை செய்திருக்கிறது. தையலும் இரண்டுதான்.

5 ஒக்டோபர்

பசறையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: 'சேர், நீங்கள் ஏன் ஆசிரியரையே யோசிக்கிறீர்கள்? ஒவ்வொரு தோட்டத்திலும் ஏ.எல். படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைகள் இல்லையா?'

இதைப் படித்து இரண்டு நாள் சும்மா இருந்தேன், ஏனென்றால் சரி. நான் 2019இல் செய்த தப்பு அதுதான். கட்டடத்தைத் திறப்பதையும் ஆசிரியர் இருப்பதையும் ஒன்று என்று நினைத்தேன். இங்கிலாந்துக்காரர்கள் 'பாடசாலையே செய்ய வேண்டியதில்லை' என்று எழுதிவைத்தது இதற்காகத்தான். மேலே பிறகு வருகிறேன் என்றேன், வந்துவிட்டேன்.

எங்கள் மேல் டிவிசனில் மட்டும் அப்படி நாலு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தி என்னிடம் படித்தவள். சிங்களம் நன்றாக எழுதுவாள், கொழும்பில் இரண்டு வருடம் துணிக்கடையில் நின்றதில் வந்த சிங்களம். அந்தச் செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை நான் தட்டுத்தடுமாறிப் படித்தேன், அவள் ஒரு பார்வையில் படித்திருப்பாள். எங்கள் பிரதேச செயலகத்தில் இரண்டு மொழியிலும் வேலை நடக்க வேண்டும் என்று வர்த்தமானியில் இருக்கிறது. இருக்கிறது என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

கூலி யார் கொடுப்பது? மலையில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 2025இல் 1,350 ரூபாய். மூன்று மணி நேரத்துக்கு அதில் பாதி என்றாலும் மாதம் பதின்மூன்றாயிரத்துக்கு மேல். அபிவிருத்திச் சங்கத்துக்கு அது பெரிய தொகை. ஊருக்குள் உள்ள வருமானத்தை வைத்துத் தலைக்குக் காசு கேட்டால் யாருக்காக இதைத் தொடங்குகிறோமோ அந்தப் பிள்ளைதான் முதலில் நின்றுவிடும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கேட் கட்டித் தருவார்கள், சரஸ்வதி சிலை வைத்துத் தருவார்கள், பெயர் பொறிக்கலாம். ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்தில் எங்கே பெயர் பொறிப்பது?

6 ஒக்டோபர்

சிலை பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். சிலை அழகாகத்தான் இருக்கிறது. மழைக்கு அதற்கு மட்டும்தான் ஒழுகாத கூரை.

19 ஒக்டோபர்

நாளைக்குத் தீபாவளி. யாரும் இங்கே எழுதப் போவதில்லை, நானும் முறுக்குப் பிழியப் போகிறேன். முற்பணம் வந்த வீட்டில் எண்ணெய் வாசம், வராத வீட்டில் பக்கத்து வீட்டு எண்ணெய் வாசம். எங்கள் லயத்தில் தட்டு மாற்றிக்கொள்கிற பழக்கம் இன்னும் விடவில்லை.

4 டிசெம்பர்

சிக்னல் இன்றைக்குத்தான் வந்தது. கேட்டவர்களுக்கு: எங்கள் பக்கம் உயிர்ச்சேதம் இல்லை. நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கத்துச் செய்தியை இனித்தான் முழுதாகப் பார்க்க வேண்டும்.

டித்வா புயல் வந்த இரவு பத்து மணிக்கு மேல் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கத் தொடங்கியது. சத்தம் இல்லை, முதலில் தண்ணீர் ஓடுகிற கான் நிறைந்து சேறு வந்தது, பிறகு கொய்யா மரம் நின்றபடியே நகர்ந்தது. எல்லோரும் எங்கே ஓடினார்கள்? பள்ளிக்கூடத்துக்கு. கேட் பூட்டு. சாவி அதிபரிடம், அதிபர் ஹட்டனில், ரோடு இரண்டு இடத்தில் இல்லை. இன்னொரு சாவி என் வீட்டில் என்று நினைத்து ஒரு பொடியன் மழையில் ஓடிவந்தான். என்னிடம் எங்கே இருக்கிறது, 2019இல் கொடுத்துவிட்டேனே. கடைசியில் தோட்டத்துச் சுத்தியலால் பூட்டை உடைத்தார்கள்.

பதினாலு குடும்பம், ஆறு நாள். தரம் மூன்று வகுப்பறையில் குழந்தைக்காரர்கள், மண்டபத்தில் மற்றவர்கள். முன்பு சொன்ன, சிங்களம் நன்றாக எழுதுகிற அந்தப் பெண்பிள்ளை முதல் ராத்திரியே கரும்பலகையில் பெயர், வயது, மருந்து குடிக்கிறவர், கர்ப்பிணி என்று பிரித்து எழுதிவிட்டாள். மூன்றாம் நாள் நடந்து வந்த குடும்பநல உத்தியோகத்தர் அந்தப் பலகையை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பகல் சாப்பாட்டுக்குப் பாடசாலையில் சமைக்கிற இரண்டு அம்மாக்கள் அடுப்பைப் பொறுப்பெடுத்தார்கள். பாத்ரூம் இரண்டு, ஆட்கள் ஐம்பதுக்கு மேல். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும். ஆறு நாளும் அந்தக் கட்டடத்தில் பிள்ளைக் காவல் நடந்தது, கிளினிக் நடந்தது, சிங்களக் கடிதம் வாசிப்பது நடந்தது, ஊர்க் கூட்டம் நடந்தது. யாரும் கரண்ட் பில் கேட்கவில்லை. கரண்ட் இல்லை என்பதும் ஒரு காரணம்.

6 டிசெம்பர்

முந்தாநாள் எழுதியதை மறுபடி படித்தேன். கொஞ்சம் பெருமையாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. மதுரைவீரன் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் என்னிடம் கேட்டதை எழுதாமல் விட்டது சரியில்லை. 'பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலயும் மலைதானே தம்பி?' என்றார்.

மலைதான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது தப்பியவர்களைப் பாடசாலைகளில்தான் வைத்தார்கள். பிறகு மாக்கந்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே புது வீடு கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அவ்வளவு காலம் பாடசாலை பாடசாலையாகவும் இருக்க வேண்டும், வீடாகவும் இருக்க வேண்டும் என்றால் இரண்டும் கெடும். பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் என்று நான் பேசும்போது முதலில் அந்தக் கட்டடம் நிற்கிற மண் எப்படி என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர் வந்து பார்க்க வேண்டும். கடிதம் போட்டிருக்கிறோம். தமிழிலும் சிங்களத்திலும். சிங்களம் அந்தப் பெண்பிள்ளை எழுதியது, என்னுடையதைவிட மரியாதையாக இருந்தது.

7 டிசெம்பர்

திருத்தம்: தொழிற்சாலையின் பெயர் மாக்கல்தெனிய. பண்டாரவளைக்காரர் ஒருவர் போன் பண்ணியே திட்டினார். நன்றி.

18 ஜனவரி 2026

கேள்வி கேட்ட ஹட்டன் வாசகர், 'கணிதத்துக்கு ஆள் வந்ததா' என்று நக்கலாகக் கேட்டிருக்கிறார். வரவில்லை. நான்தான் எடுக்கிறேன். பிள்ளைகளுக்காகப் பிரார்த்தியுங்கள்.

நேற்று அபிவிருத்திச் சங்கக் கூட்டம். இரண்டரை மணி நேரம், அதில் ஒன்றரை மணி நேரம் உடைத்த பூட்டின் விலை யார் தலையில் என்பது பற்றி. கடைசியில் முடிவானது இவ்வளவு: கிழமையில் மூன்று நாள், ஒன்றரையிலிருந்து நாலரை வரை, தரம் மூன்று வகுப்பறை மட்டும். இந்த முறை அதிபர் வலயக் கல்விக் காரியாலயத்துக்கு எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார், கையெழுத்தும் முத்திரையும் உள்ள தாள், போட்டோகொப்பி என் பர்ஸில். அந்தப் பெண்பிள்ளைக்குச் சம்பளம் மூன்று மாதத்துக்கு மட்டும் சேர்ந்திருக்கிறது. கேட் கட்டித் தந்த பழைய மாணவர்தான் அதில் பாதி கொடுத்தார், பெயர் போட வேண்டாம் என்றார். நான் எழுதியதை அவர் படித்திருக்கிறார் என்று பயமாக இருக்கிறது. நாலாம் மாதத்துக்கு வழி தெரியவில்லை.

ஒரு அம்மா எழுந்து, 'கிளினிக்கு, படிவம் எல்லாம் அப்புறம் பாக்கலாம், புள்ளைங்க தூங்கிறதுக்குப் பாய் பத்தாது' என்றார். பழைய பொடியனின் அம்மா அவர். அவன் இப்போது பத்தாம் வகுப்பு, ஆறடி, வகுப்பில் இன்னும் தூங்குகிறான்.

பொகவந்தலாவை டவுனில் சாவி வெட்டினோம். மூன்று. ஒன்று அதிபரிடம், ஒன்று அந்தப் பெண்பிள்ளையிடம், ஒன்று கேட்டுக்கு எதிர் லயத்து முதல் காம்பராவில் ஆணியில் தொங்குகிறது. என்னிடம் இல்லை. நான் ஒன்றே முக்கால் பஸ்ஸுக்குப் போக வேண்டியவன்.